மயில்துத்தத்தில் எத்தனை நீர்?

மயில்துத்தத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நாட்டு மருந்துக் கடையிலும், பூச்சிமருந்து விற்கும் கடையிலும், பள்ளிச் சோதனைச்சாலையின் அலமாரியிலும் மயில் கழுத்து நிறத்தில் மின்னிக்கொண்டிருக்கும் உப்பு அது. நஞ்சு, வாயில் வைக்கக்கூடாது. வேதியியலில் அதற்குத் தாமிர சல்பேட் என்று பெயர்.

அதில் ஒரு சிட்டிகை எடுத்து உலர்ந்த சோதனைக் குழாயில் இட்டு, குழாயின் வாயைச் சற்றே தாழ்த்திப் பிடித்துச் சூடாக்குங்கள். சிறிது நேரத்தில் நீலம் வெளுக்கத் தொடங்கும். குழாயின் குளிர்ந்த பகுதியில் நீர்த்துளிகள் அரும்பும். கடைசியில் எஞ்சுவது வெண்மையான தூள். அது ஆறிய பிறகு இரண்டு சொட்டு நீர் விட்டுப் பாருங்கள். குழாய் சூடேறும்; தூள் மறுபடியும் நீலமாகிவிடும்.

தொட்டால் ஈரமே தெரியாத கல்லுக்குள் இந்த நீர் எங்கே ஒளிந்திருந்தது? எவ்வளவு இருந்தது? இன்றைய பாடப்புத்தகம் ஒரே வரியில் விடை சொல்லிவிடும்: ஒரு தாமிர சல்பேட்டுக்கு ஐந்து நீர் மூலக்கூறுகள். ஆனால் இந்த ‘ஐந்து’ எளிதில் கிடைத்த எண் அன்று. அதைத் தேடிய கதை ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளை அளாவி நிற்கிறது. அந்தக் கதையைத்தான் இங்கே காணப் போகிறோம்.

தராசு சொல்லும் கணக்கு

முதலில் சோதனையை நாமே செய்து பார்ப்போம். மூடியுள்ள பீங்கான் மூசை ஒன்று, ஒரு நல்ல தராசு, ஓர் அடுப்பு. இவை போதும்.

ஒரு மாணவர் இச்சோதனையைச் செய்து கீழ்க்கண்ட அளவுகளைப் பெற்றார் என்று வைத்துக்கொள்வோம். வெறும் மூசையின் எடை 21.50 கிராம். பொடித்த படிகத்தை இட்டபின் 24.00 கிராம். ஆகவே எடுத்துக்கொண்ட படிகம் 2.50 கிராம். மெதுவாகச் சூடாக்கி, ஆறவைத்து நிறுத்தபோது 23.16 கிராம். மீண்டும் சூடாக்கி நிறுத்தபோது 23.11 கிராம். மூன்றாம் முறை சூடாக்கிய பிறகும் அதே 23.11 கிராம். இனி எடை குறையவில்லை. போக வேண்டிய நீர் போய்விட்டது என்று பொருள்.

இதில் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. மூசை சூடாக இருக்கும்போதே தராசில் வைத்தால், அதைச் சுற்றிச் சூடான காற்று மேலெழும்புவதால் எடை சரியாகக் காட்டாது. சரி, திறந்த இடத்தில் ஆறவைக்கலாமே என்றால், அந்த வெண்தூள் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துவிடும். ஆகவே ஈரம் உறிஞ்சும் பொருளை அடியில் இட்ட மூடிய கண்ணாடிக் கலத்துக்குள் வைத்துத்தான் ஆறவைக்க வேண்டும்.

இனிக் கணக்கு. எஞ்சிய வெண்தூள் 1.61 கிராம். வெளியேறிய நீர் 0.89 கிராம். நீரற்ற தாமிர சல்பேட்டின் வாய்பாட்டு எடை 159.6; நீரின் மூலக்கூறு எடை 18. தத்தம் எடையால் வகுத்தால் ஒன்றுக்கு 0.0101, மற்றொன்றுக்கு 0.0494 கிடைக்கும். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் வருவது ஏறத்தாழ 4.90.

மாணவர் என்ன செய்கிறார்? 4.90க்கு எதிரே 5 என்று எழுதிவிட்டுக் குறிப்பேட்டை மூடிவிடுகிறார். ஆசிரியரும் சரி என்று கையொப்பம் இடுகிறார். 4.90 என்பதை 5 ஆக்கும் உரிமையை அவருக்கு யார் கொடுத்தார்கள்? ஒரு தாமிர சல்பேட்டுக்கு 4.90 பங்கு நீர்தான் இருக்கிறது என்று ஏன் சொல்லக்கூடாது? இந்தக் கேள்வியை அற்பமாக எண்ணிவிடாதீர்கள். ஒரு காலத்தில் ஐரோப்பாவின் மிகச் சிறந்த வேதியியல் அறிஞர்கள் இதன் பொருட்டு ஆண்டுக்கணக்கில் வாதிட்டார்கள்.

கல்லுக்குள் நீர்

உப்புகள் படிகமாகும்போது ஓரளவு நீரையும் தம்முள் சேர்த்துக்கொள்கின்றன என்பதை 18ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரில் வேதியியல் கற்பித்த ரூயெல் 1744இல் எடுத்துக் கூறினார். ‘படிக நீர்’ என்னும் கருத்து அவருடையது. அவருடைய விரிவுரைகளைக் கேட்டவர்களுள் ஓர் இளைஞர் லவாய்சியர்.

லவாய்சியர் 1765இல், தமது 21ஆம் வயதில், பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் முன் தமது முதல் ஆய்வுரையைப் படித்தார். அது ஜிப்சம் என்னும் கல்லைப் பற்றியது. ஜிப்சத்தைச் சூடாக்கியபோது வெளிவந்த ஆவியைக் குளிர்வித்துப் பார்த்தார். அது வெறும் நீர்தான். சூடாக்கிய தூளில் மீண்டும் நீர் சேர்த்தால் அது இறுகிக் கல்லாகிறது. சுவர்ப்பூச்சுக்கும் சிலை வார்ப்பதற்கும் பயன்படும் பாரிஸ் சாந்து இறுகுவதன் இரகசியம் இதுவே என்று அவர் விளக்கினார். போன நீர் திரும்பி வருகிறது; அவ்வளவுதான்.

நீர் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. ஆனால் அந்த நீருக்குக் கணக்கு உண்டா? ஈரத் துணியில் நீர் இருப்பதுபோல் கூடவும் குறையவும் இருக்கிறதா? இல்லை, ஒவ்வோர் உப்புக்கும் ஓர் அளவு என்று கட்டுப்பட்டு இருக்கிறதா?

இருவர் தொடுத்த வழக்கு

இதைவிடப் பெரிய ஒரு கேள்வியின் பகுதியாகவே அக்கேள்வி எழுந்தது. பெர்த்தொலே என்ற பிரெஞ்சு அறிஞர் 1798இல் நெப்போலியனுடன் எகிப்துக்குப் போனார். அங்கே சுண்ணாம்புக் கல் சூழ்ந்த உப்பு ஏரிகளின் கரையில் சோடா உப்பு படிந்திருப்பதைக் கண்டார். சோதனைச்சாலையில் நடக்கும் வினை அங்கே தலைகீழாக நடந்துகொண்டிருந்தது! வினையின் போக்கு, சேரும் பொருள்களின் அளவைப் பொறுத்து மாறுகிறது என்று அவர் கண்டார். அது மிகச் சரியான கண்டுபிடிப்பு. ஆனால் அதற்கு அப்பாலும் ஒரு படி போனார். அளவு மாறினால் கிடைக்கும் சேர்மத்தின் இயைபும் மாறலாம் என்றார்.

ஸ்பெயின் நாட்டில் பணியாற்றிய மற்றொரு பிரெஞ்சுக்காரரான புரூஸ்ட் இதை மறுத்தார். மண்ணுக்கடியில் கிடைக்கும் தாமிர கார்பனேட்டையும், தாமே சோதனைச்சாலையில் செய்த தாமிர கார்பனேட்டையும் பகுத்துப் பார்த்து, இரண்டின் இயைபும் ஒன்றே என்று 1799இல் காட்டினார். இயற்கையின் கையில் இருக்கும் தராசும் நம் கையில் இருக்கும் தராசும் ஒன்றுதான் என்பது அவர் கருத்து. பெர்த்தொலே எதிர்ச்சான்றுகளைக் காட்டக் காட்ட, புரூஸ்ட் அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். சில, இரு வேறு சேர்மங்களின் கலவை. சில, நீருடன் கூடிய சேர்மங்கள். நீரைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால் இயைபு மாறுவதுபோலத்தான் தோன்றும் அல்லவா?

ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் இந்த விவாதம் நடந்தது. இருவரும் கடுஞ்சொல் பேசாமல், சோதனைக்குச் சோதனையே பதிலாக வாதிட்டார்கள். முடிவில் புரூஸ்ட்டின் மாறா விகித விதி நிலைபெற்றது. அதே காலத்தில் இங்கிலாந்தில் ஜான் டால்ட்டன், பொருள்கள் யாவும் அணுக்களால் ஆனவை, சேர்மத்தில் அணுக்கள் முழு எண்களிலேயே கூடும் என்ற கொள்கையை வகுத்தார். 1808இல் அது நூலாக வந்தது. அணுவைப் பாதியாக வெட்ட முடியாது, ஆகவே 4.90 நீர் என்று ஒன்று இருக்க முடியாது. மாணவர் 5 என்று எழுதுகிறாரே, அந்த உரிமையின் மூலப் பத்திரம் இதுதான்.

சமையலறையில் ஒரு சோதனைச்சாலை

பத்திரம் கிடைத்துவிட்டது, ஆனால் நிலத்தை அளக்க வேண்டாமா? அந்த வேலையை மேற்கொண்டவர் ஸ்வீடன் நாட்டு வேதியியலறிஞர் பெர்சீலியஸ். சுமார் பத்து ஆண்டுகளில் இரண்டாயிரம் சேர்மங்களை அவர் பகுத்து அளந்தார் என்றால் நம்ப முடிகிறதா?

அவருடைய சோதனைச்சாலையைப் பார்த்தால் இன்னும் வியப்பாக இருக்கும். ஜெர்மனியிலிருந்து 1823இல் அவரிடம் பயிலச் சென்ற வோலர் அதை வருணித்திருக்கிறார். குடியிருக்கும் அறைகளை ஒட்டி இரண்டு சாதாரண அறைகள். உலையும் இல்லை, குழாய் நீரும் இல்லை. அன்னா என்ற பணிப்பெண் சமைக்கும் சமையலறையில்தான் சிறிய உலையும், எப்போதும் சூடாக இருக்கும் மணல் தட்டும் இருந்தன. சோதனைக் கலங்களைக் கழுவித் தருவதும் அந்த அன்னாவே.

அணு எடைகளைக் கணக்கிட்ட பெர்சீலியஸ் உப்புகளில் ஓர் அழகிய ஒழுங்கைக் கண்டார். மயில்துத்தத்தை வைத்தே அதைப் பார்க்கலாம். அக்காலத்தவர் இந்த உப்பைத் தாமிர ஆக்சைடு, கந்தக அமில ஆக்சைடு, நீர் என்ற மூன்றும் சேர்ந்ததாகக் கருதினார்கள். 100 கிராம் மயில்துத்தத்தில் தாமிர ஆக்சைடு 31.86 கிராம், கந்தக அமில ஆக்சைடு 32.07 கிராம், நீர் 36.07 கிராம். இம்மூன்றிலும் உள்ள ஆக்சிஜனை மட்டும் தனித்தனியே கணக்கிடுங்கள். 6.4, 19.2, 32.0 என்று வரும். முதல் எண்ணால் மற்றவற்றை வகுத்தால் 1, 3, 5! பின்னம் எங்கும் இல்லை. படிக நீரின் ஆக்சிஜன், உப்பிலுள்ள உலோக ஆக்சைடின் ஆக்சிஜனைப்போல் முழு மடங்காக இருக்கும் என்ற விதி இப்படித்தான் பிறந்தது. நீர் ஈரமாக ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. எண்ணி வைத்ததுபோல் இருக்கிறது.

பத்து ஐந்தான கதை

ஆனால் இங்கேதான் ஒரு சிக்கல். தராசு எடைகளைத்தான் சொல்லும். அணுக்களின் எண்ணிக்கையைச் சொல்லாது. எடையை எண்ணிக்கையாக மாற்ற அணு எடை தெரிய வேண்டும். அணு எடை தெரிய வேண்டுமானால் ஒரு சேர்மத்திலாவது அணுக்களின் எண்ணிக்கை தெரிந்திருக்க வேண்டும். கோழி முந்தியா, முட்டை முந்தியா என்ற கதைதான்.

தாமிரத்துக்கு இரண்டு ஆக்சைடுகள் உண்டு. ஒன்று சிவப்பு, மற்றொன்று கறுப்பு. ஒரே எடையுள்ள தாமிரத்துடன் சிவப்பில் இருப்பதைப்போல் இரு மடங்கு ஆக்சிஜன் கறுப்பில் இருக்கிறது. அப்படியானால் சிவப்பில் ஒரு தாமிரத்துக்கு ஓர் ஆக்சிஜன், கறுப்பில் ஒரு தாமிரத்துக்கு இரண்டு ஆக்சிஜன் என்று கொள்வதுதானே எளிது? பெர்சீலியஸும் அப்படித்தான் கொண்டார். அதன்படி 1818இல் அவர் வெளியிட்ட அட்டவணையில் தாமிரத்தின் அணு எடை, இன்றைய அளவுக்கு மாற்றினால், சுமார் 127. நாம் இன்று அறிந்த 63.5ஐப் போல் இரு மடங்கு!

இந்த அணு எடையை வைத்து மயில்துத்தத்தின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு தாமிர அணுவுக்கு எத்தனை நீர் வரும்? பத்து. சோதனை அதே சோதனை, எடைகள் அதே எடைகள், தராசில் குற்றமில்லை, ஆனால் விடை பத்து. எளிய விகித வாய்பாடு என்பது தராசு மட்டும் தருவதன்று, அணு எடையும் சேர்ந்து தருவது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

இந்த முடிச்சை அவிழ்க்க இரண்டு கைகள் 1819இல் ஒன்றாக நீண்டன.

ஒன்று பிரான்சிலிருந்து. டூலாங், பெட்டிட் என்ற இருவர், திண்மத் தனிமங்களின் வெப்ப எண்ணை அணு எடையால் பெருக்கினால் ஏறத்தாழ ஒரே எண் வருகிறது என்று கண்டார்கள். நாமும் கணக்கிடுவோம். காரீயத்துக்கு 0.031ஐ 207ஆல் பெருக்கினால் 6.4. வெள்ளிக்கு 0.056ஐ 108ஆல் பெருக்கினால் 6.0. தாமிரத்தின் வெப்ப எண் 0.092. அதை 127ஆல் பெருக்கினால் 11.7 வருகிறது, கூட்டத்தில் சேராமல் தனியே நிற்கிறது. 63.5ஆல் பெருக்கினால் 5.8, கூட்டத்தோடு சேர்ந்துகொள்கிறது.

மற்றொன்று ஜெர்மனியிலிருந்து. மிட்செர்லிக் என்ற இளைஞர், ஒத்த இயைபுள்ள உப்புகள் ஒத்த வடிவில் படிகமாவதைக் கண்டார். படிக நீரின் அளவும் இதில் முக்கியம் என்று அவருக்குத் தெரிந்தது. அன்னபேதி என்று நாம் சொல்லும் இரும்பு சல்பேட்டும், பால்துத்தம் என்னும் துத்தநாக சல்பேட்டும், பேதியுப்பு என்னும் மக்னீசியம் சல்பேட்டும் ஒவ்வொன்றும் ஏழு நீருடன் படிகமாகின்றன. மயில்துத்தம் மட்டும் ஐந்து. அதன் படிக வடிவமும் வேறு. ஆனால் சிறிதளவு மயில்துத்தத்தை அன்னபேதிக் கரைசலில் கலந்து படிகமாக்கினால், தாமிரமும் இரும்பின் வடிவத்திலேயே, ஏழு நீருடன், அதனுள் இடம் பிடித்துக்கொள்கிறது. இரும்பின் இடத்தில் தாமிரம் உட்கார முடிகிறது என்றால் இரண்டின் ஆக்சைடுகளும் ஒரே வகையாக இருக்க வேண்டுமல்லவா? இரும்பின் அந்த ஆக்சைடில் ஓர் இரும்புக்கு ஓர் ஆக்சிஜன் என்பது குரோமியச் சேர்மங்களுடன் ஒப்பிட்டதால் பிறகு புலனாயிற்று. ஆகவே தாமிரத்தின் கறுப்பு ஆக்சைடிலும் ஒன்றுக்கு ஒன்றுதான்.

தம் கணக்கைத் தாமே திருத்துவதில் பெர்சீலியஸ் தயங்கவில்லை. 1826இல் வெளியிட்ட புதிய அட்டவணையில் தாமிரத்தின் அணு எடையைப் பாதியாக்கினார். மயில்துத்தத்தின் பத்து, ஐந்தாயிற்று. அதைச் செய்ய ஒரு படிகத்தைக்கூட அவர் மறுபடியும் சூடாக்க வேண்டியிருக்கவில்லை.

ஐந்தில் ஒன்று வேறு

ஐந்து நீரும் ஒரே மாதிரியானவையா? 1830களில் ஸ்காட்லாந்து நாட்டவரான தாமஸ் கிரஹாம் இதைக் கவனித்தார். கொதிநீரின் சூட்டை ஒட்டி நான்கு நீர் போய்விடுகிறது. ஐந்தாவது மட்டும் பிடிவாதமாக நிற்கிறது. அதை விரட்டச் சுமார் 200 டிகிரி செல்சியஸும் அதற்கு மேலும் வெப்பம் வேண்டும். நம் மாணவர் ஒரு முறை சூடாக்கியதோடு நிறுத்தாமல் மும்முறை சூடாக்கியதன் காரணம் இப்போது விளங்குகிறதல்லவா? அவசரப்பட்டிருந்தால் ஐந்தாவது நீரில் ஒரு பகுதி உள்ளேயே தங்கியிருக்கும்.

ஆனால் ஐந்தாவதுக்கு மட்டும் ஏன் இந்தப் பிடிவாதம்? கிரஹாம் காலத்தில் படிகத்தின் உள்ளே எட்டிப் பார்க்க வழியில்லை. அந்தச் சாளரம் 1912இல் திறந்தது. மியூனிக் நகரில் லாவே என்ற இயற்பியலறிஞரின் யோசனைப்படி, ஃப்ரீட்ரிக்கும் நிப்பிங்கும் ஒரு படிகத்தின் வழியே எக்ஸ்-கதிர்களைச் செலுத்தினார்கள். எதிரே வைத்த ஒளிப்படத் தகட்டில் புள்ளிகள் விழுந்தன. படிகத்துக்குள் அணுக்கள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதற்கு நேர்ச் சான்று அது. அவர்கள் முதன்முதலில் எடுத்துக்கொண்ட படிகம் எது தெரியுமா? நமது மயில்துத்தமேதான்!

அப்படிகத்தில் ஒவ்வோர் அணுவும் இருக்கும் இடத்தை 1934இல் பீவர்ஸும் லிப்ஸனும் கண்டறிந்தார்கள். தாமிரத்தைச் சுற்றிச் சதுரத்தின் நான்கு மூலைகளிலும் நான்கு நீர் மூலக்கூறுகள் நிற்கின்றன. மேலும் கீழும் சல்பேட்டின் ஆக்சிஜன்கள். ஐந்தாவது நீர் தாமிரத்தைத் தொடவே இல்லை. அது சல்பேட்டுகளுக்கும் மற்ற நீர் மூலக்கூறுகளுக்கும் இடையே ஹைட்ரஜன் பிணைப்புகளால் கட்டுண்டு கிடக்கிறது. சமையலறை மணல் தட்டும் தராசும் சொன்ன ஐந்தை, எக்ஸ்-கதிர் ஒவ்வொன்றாகச் சுட்டிக் காட்டிவிட்டது. தராசு சொல்ல முடியாத ஒன்றையும் சேர்த்துச் சொன்னது: ஐந்து என்பது உண்மையில் நான்கும் ஒன்றும்.

பெர்த்தொலேக்கும் ஓர் இடம்

அப்படியானால் பெர்த்தொலே முற்றிலும் தோற்றவரா? இல்லை. சியோலைட்டு என்னும் கனிமங்களில் நீர் நுண்துளைகளில் தங்கியிருக்கிறது. வெப்பத்துக்கும் காற்றின் ஈரத்துக்கும் ஏற்பக் கூடும், குறையும். அங்கே முழு எண்ணைத் தேடிப் பயனில்லை. சில உலோக ஆக்சைடுகளின் இயைபும் ஓர் எல்லைக்குள் மாறக்கூடியதே. ஆகவே 4.90ஐ 5 ஆக்கும் உரிமை எல்லாப் பொருளுக்கும் செல்லும் பொது உரிமையன்று. நாம் எடுத்துக்கொண்ட பொருள் மாறா விகித விதிக்குக் கட்டுப்பட்டது என்று தெரிந்திருந்தால் மட்டுமே அது செல்லும்.

மாணவர்களுக்கு ஒரு சொல். இச்சோதனையைச் செய்யும்போது உங்களுக்கு 4.6 வரலாம், சூடு போதவில்லை என்று பொருள். 5.3 வரலாம், சூடு மிஞ்சி, சல்பேட்டே சிதைந்து கறுப்பு ஆக்சைடாகத் தொடங்கியிருக்கும், மூசையின் அடியில் கருமை தெரிகிறதா என்று பாருங்கள். வெண்தூள் பொங்கித் தெறித்திருந்தாலும் எண் கூடும். எதுவானாலும் விடை ஐந்துதானே என்று எடைகளைத் திருத்தி எழுதாதீர்கள். பெர்சீலியஸ் எட்டு ஆண்டுகளுக்குப் பின் பத்தை ஐந்தாக்க முடிந்தது, அவர் எழுதி வைத்த எடைகள் உண்மையாக இருந்ததால்தான். வாய்பாடு தவறிப்போனால் பிறகு திருத்திக்கொள்ளலாம். எடையே பொய்யானால் திருத்துவதற்கு ஒன்றும் இராது.

ஆகவே குறிப்பேட்டில் 4.90 என்றே எழுதுங்கள். அதன் பக்கத்தில் 5 என்று எழுதுங்கள். இரண்டுக்கும் இடையே, ஏன் என்று ஒரு வரி எழுதுங்கள். அந்த ஒரு வரியில்தான் இருநூறு ஆண்டு வேதியியல் அடங்கியிருக்கிறது.